293318625600: மூன்று மாதம் புழங்கிய பிறகு எழுதும் மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கருவிக்கோ செயலிக்கோ எழுதும் மதிப்புரை இல்லை, ஓர் எண்ணுக்கு எழுதுவது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தினமும் கையில் எடுத்துப் புழங்கிய பொருளைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவதுதானே மதிப்புரை, நான் மூன்று மாதமாகத் தினமும் புழங்கியது இந்த எண்ணைத்தான். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. வாயால் சொல்லவே மூச்சு வாங்கும். மொத்தம் 12 இலக்கம், 12 இலக்கக் கால்குலேட்டரின் திரையில் ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் கச்சிதமாக உட்காரும். 10 இலக்கக் கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம், நான் அதில் முயன்று நேரத்தை வீணடித்தேன்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், கொடுக்கிற எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்று எண்ணிச் சொல்லும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிட்டு, அதைச் சோதிக்க நிறையக் காரணிகள் உள்ள பெரிய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். வாய்க்கு வந்த பெரிய எண்ணை எடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான், பார்க்கப் பிரம்மாண்டமாக இருக்கும், உள்ளே பத்துப் பன்னிரண்டு காரணிகளுக்கு மேல் தேறாது. இந்த எண் அப்படியில்லை. இதற்கு 5040 காரணிகள். அதைவிட முக்கியம், இதற்குக் கீழே இருக்கும் 29 ஆயிரம் கோடிச் சொச்சம் எண்களில் ஒன்றுக்குக்கூட அத்தனை காரணிகள் கிடையாது. இப்படி, தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்ணை உயர் பகு எண் என்பார்கள். சின்ன அளவில் பார்க்க வேண்டுமென்றால் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு 6 காரணிகள், அதற்குக் கீழே உள்ள எதற்கும் நாலுக்கு மேல் இல்லை. 60-க்கு 12 காரணிகள், அதற்குக் கீழே எதற்கும் 12 இல்லை. அந்தப் பரம்பரையில் வந்த, நன்றாக வளர்ந்த பிள்ளைதான் நம் எண்.

சரி, பெட்டியைப் பிரித்துப் பார்ப்போம். இதைக் கணினியில் செய்யாமல் ஒரு தாளை எடுத்துக் கையால் செய்யுங்கள், அதில்தான் சுகம். கடைசியில் இரண்டு பூஜ்யம், அதனால் 100-ஐ வெளியே எடுத்துவிட்டால் 2933186256. இரட்டை எண், பாதியாக்கிக்கொண்டே போங்கள்: 1466593128, 733296564, 366648282, 183324141. இங்கே ஒற்றை எண்ணாகிவிட்டது. நாலு முறை பாதியாக்கியிருக்கிறோம், 100-க்குள் ஏற்கெனவே இரண்டு 2 இருந்தன, ஆக மொத்தம் ஆறு 2, இரண்டு 5. இப்போது 183324141-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27, அதனால் 9 வகுக்கும்: 20369349. மறுபடி கூட்டினால் 36, மறுபடி 9: 2263261. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 22, இனி 3 போகாது. நாலு 3 கிடைத்துவிட்டன. அடுத்து 7-ஆல் வகுத்தேன். 323323.

அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை ஒழுங்கேயில்லாமல் வந்துகொண்டிருந்த இலக்கங்கள் திடீரென்று 323, 323 என்று இரட்டைப் பிள்ளைகளாக வந்து நிற்கின்றன. மூன்று இலக்கம் அப்படியே இரண்டாவது முறை வந்தால் அது 1001-இன் வேலை என்று இலக்க விளையாட்டுகளில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தெரியும், 323-ஐ 1001-ஆல் பெருக்கினால் 323323. 1001 என்பது 7, 11, 13 மூன்றின் பெருக்கல். 323 என்பது 18-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு, அதாவது 17-ஐ 19-ஆல் பெருக்கியது. ஒரே மூச்சில் ஐந்து பகா எண்கள் கைக்கு வந்துவிட்டன, கணக்கு முடிந்தது. ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. எந்த எண்ணைக் காரணிப்படுத்தும்போதும் எனக்கு இவ்வளவு திருப்தியான முடிவு கிடைத்ததில்லை, இந்த ஒரு காரணத்துக்காகவே யாருக்கும் பரிந்துரைப்பேன்.

காரணிகளை எண்ணுவதும் எளிதுதான். ஒரு காரணியைக் கட்டும்போது 2-ஐ எத்தனை முறை எடுக்கலாம்? எடுக்காமலும் விடலாம், ஆறு வரையும் எடுக்கலாம், ஆக 7 வழி. 3-க்கு 5 வழி, 5-க்கு 3, 7-க்கு 3, மற்ற நாலுக்கும் எடு அல்லது விடு என்று இரண்டிரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 5040. அந்த 5040-ஐப் பார்த்தவுடன் பழகிய முகமாக இருக்கிறதே என்று தோன்றினால் சரிதான், 1 முதல் 7 வரை பெருக்கினால் வருவது அதுதான். ஒற்றைக் காரணிகளை மட்டும் எண்ணினால் 2-க்கான அந்த 7 வழி போய்விடும், மிச்சம் 720, அது 1 முதல் 6 வரையிலான பெருக்கல். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, தானாக அமைந்தது.

இன்னும் ஒன்று. 5040-ம் உயர் பகு எண்தான், அதற்கு 60 காரணிகள். 60-ம் உயர் பகு எண், அதற்கு 12. 12-க்கு 6, 6-க்கு 4, இரண்டும் உயர் பகு எண்களே. 4-ம் அதே சாதி. 4-க்கு 3 காரணிகள் என்று வரும்போதுதான் சங்கிலி அறுகிறது, 3 மட்டும் இந்தக் குடும்பத்தில் இல்லை. பன்னிரண்டு இலக்கத்தில் ஆரம்பித்து ஒற்றை இலக்கம் வரை இறங்கிவந்தும் குடும்பப் பெயர் கெடாமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கட்டமைப்பைப் பற்றிச் சொல்லும்போது 2520-ஐச் சொல்லாமல் விட முடியாது. 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520 என்பது பலருக்கும் தெரிந்ததுதான். நம் எண்ணில் 2, 3, 5, 7 ஆகிய நாலும் இரட்டைப்படை முறை வருவதால் அந்தப் பகுதி முழுவதும் ஒரு முழு வர்க்கம். எதன் வர்க்கம் என்று பார்த்தால், மூன்று 2, இரண்டு 3, ஒரு 5, ஒரு 7, அதாவது 2520. ஆக இந்த எண் முழுவதும் 2520-இன் வர்க்கத்தை 11, 13, 17, 19 ஆகியவற்றால் பெருக்கியது, அவ்வளவுதான். இப்படி எழுதிவைத்தால் பன்னிரண்டு இலக்கத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம், நான் இப்போது அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறேன். அதோடு 5040 காரணிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் எத்தனை ஜோடி? 2520. இது தற்செயல்தான், ஆனாலும் முதல்முறை கவனித்தபோது கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜோடி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த எண்ணை ஒரு செவ்வகமாக அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள், நீளமும் அகலமும் முழு எண்களாக இருக்க வேண்டும். 2520 விதமாக அடுக்கலாம். அவற்றில் சதுரத்துக்கு மிக அருகில் வருவது எது? வர்க்கமூலம் 541589-ஐ ஒட்டி, மிகக் கொஞ்சமே குறைவாக வருகிறது. 541589-ஐ வர்க்கம் செய்து நம் எண்ணைக் கழித்தால் 19321 மிஞ்சும். அந்த மிச்சம் சரியாக 139-இன் வர்க்கம். அப்புறமென்ன, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற பள்ளிக்கூடச் சூத்திரம் போதும்: 541450-ஐ 541728-ஆல் பெருக்கினால் நம் எண். இவ்வளவு பெரிய செவ்வகத்தில் நீளத்துக்கும் அகலத்துக்கும் வித்தியாசம் வெறும் 278. முதல் வர்க்கத்திலேயே விடை விழுந்துவிட்டதால் இதைவிட நெருக்கமான ஜோடி இருக்கவே முடியாது என்பதும் உறுதி. இரண்டு பக்கத்தையும் பிரித்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை, ஒரு பக்கத்தில் 5, 7, 13, 17 எல்லாம் ஒரே ஒரு 2-ஐத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கின்றன, மறுபக்கத்தில் மிச்சம் ஐந்து 2, நாலு 3, 11, 19. சண்டை போட்டுப் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி இருக்கும், ஆனால் பங்கு கிட்டத்தட்ட சமம்.

இனி குறைகள். நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே.

முதல் குறை, 23. 1 முதல் 22 வரை எதைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் வகுபடுகிறது, 23-இல் வந்து முட்டிக்கொள்கிறது, மீதி 17. அதைத் தாண்டினால் 24 முதல் 30 வரை 29-ஐத் தவிர எல்லாம் சரி. 49-க்கும் வகுபடும், 64, 81-க்கும் வகுபடும். ஆனால் 1000-க்கு வகுபடாது! இதை நான் நம்பவே இல்லை. 5040 காரணிகள் வைத்திருக்கும் எண்ணுக்கு 1000 காரணி இல்லை என்றால் யார் நம்புவார்கள்? காரணம் எளிது, 1000-க்கு மூன்று 5 வேண்டும், இதில் இரண்டுதான் இருக்கின்றன. பத்தின் அடுக்குகளோடு மட்டும் வேலை செய்பவர்களுக்கு இது ஒத்துவராது. நாள் கணக்குக்கும் ஒத்துவராது, ஒரு நாளுக்கு 86400 வினாடி, அதில் ஏழு 2, இதில் ஆறு, வகுத்துப் பார்த்தால் 33,94,891 நாளும் அரை நாளும் வருகிறது. அந்த அரை நாள் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது, வெறும் 1 முதல் 22 வரை வகுபட்டால் போதும் என்பவர்கள் இந்த எண்ணை வாங்கி ஏமாற வேண்டாம். அந்த வேலைக்கு 232792560 போதும், இதில் 1260-இல் ஒரு பங்குதான் அளவு. சொல்லப்போனால் அன்றாடத் தேவைகளுக்கு 720720-ஏ தாராளம், 1 முதல் 16 வரை எல்லாம் போகும், 240 காரணிகள், மனதில் நிற்கும் முகவெட்டு. நம் எண் காரணி எண்ணிக்கைக்காகவே தேவைப்படுபவர்களுக்கு மட்டும்.

மூன்றாவது என் சொந்த அனுபவம், தப்பு என்மேல்தான். நிரலில் எண்ணை 32 பிட் மாறியில் போட்டுவிட்டேன். இதற்கு 39 பிட், அதாவது இரும முறையில் 39 இலக்கம் வேண்டும், கொள்ளாது. எதிர்ம எண்ணாக வந்திருந்தால் உடனே பிடித்திருப்பேன், அல்லது நிரல் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மேல் பிட்டுகள் உதிர்ந்து 1260849472 என்று பார்க்க லட்சணமான ஒரு நேர்ம எண்ணாக வந்து உட்கார்ந்துகொண்டது. நிரலும் எந்தப் புகாரும் இல்லாமல் அதற்குக் காரணி எண்ணிக் கொடுத்தது, 5040-க்குக் கிட்டக்கூட வரவில்லை. நான் என் எண்ணும் முறைதான் தப்பு என்று நினைத்து ஒரு மாலைப்பொழுது முழுவதும் மடக்குச் சுற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் அச்சிட்டுப் பார்த்து இலக்கங்களைக் கூட்டியபோது 43 வந்தது, 3-கூட வகுக்காத எண், அப்போதுதான் பொறி தட்டியது. அதைவிட எரிச்சல், அந்தப் போலி எண்ணும் 64-ஆல் வகுபடும், நான் அவசரத்தில் செய்த முதல் சோதனை 2-ஆல் வகுத்துப் பார்ப்பதாக இருந்ததால் அது தேறிவிட்டது. 64 பிட் மாறியைப் பயன்படுத்துங்கள். விரிதாளில் போட்டால் 2.93319E+11 என்று சுருட்டிக் காட்டும், உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம், வடிவத்தை மாற்றினால் முழுதாகத் தெரியும்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் மனக்கசப்பு. உயர் பகு எண்களின் வரிசையில் இதற்கு முந்தையது 240940299600, 4800 காரணிகள். அடுத்தது 321253732800, 5376 காரணிகள். எண்ணின் அளவை விலை என்று வைத்துக்கொள்வோம். முந்தையதிலிருந்து நம் எண்ணுக்கு வர விலை 28/23 மடங்கு ஏறுகிறது, அதாவது ஏறக்குறைய 22 சதவீதம். கிடைக்கும் கூடுதல் காரணி 5 சதவீதம்தான். அங்கிருந்து அடுத்ததற்குப் போக விலை 23/21 மடங்கு, ஒன்பதரை சதவீதம், கூடுதல் காரணியோ கிட்டத்தட்ட 6.7 சதவீதம். கொடுக்கிற காசுக்குத் தகுந்த பொருள் எது என்று பார்த்தால் அடுத்த வீட்டுக்காரர்தான். ராமானுஜன் உயர் பகு எண்களுக்குள்ளேயே இன்னும் மேலான ஒரு வகுப்பைப் பிரித்து வைத்தார், அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் காரணிகளில் முந்தி நிற்பவை. அந்த வகுப்பில் 321253732800 இருக்கிறது, நம் எண் இல்லை. பெரிய ஆளின் வாசலில் நிற்கும் சாதாரண ஆள் என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாகத் தெரியும், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

23-க்குப் பதில் 28 என்ற அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முந்தைய எண்ணில் 23 இருக்கிறது. நம் எண் 23-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்கு ஈடாக இரண்டு 2-ஐயும் ஒரு 7-ஐயும் வாங்கிக்கொள்கிறது. அடுத்த எண் ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் திருப்பிக் கொடுத்துவிட்டு 23-ஐ மீண்டும் எடுத்துக்கொள்கிறது. முன்னால் பார்த்தாலும் 23, பின்னால் பார்த்தாலும் 23, நடுவில் இது மட்டும் 19-ஓடு நின்றுவிட்டது. கொஞ்சம் கீழே 146659312800 போன்ற சில 23 இல்லாமல் இருக்கின்றன, அது சரியாக நம் எண்ணில் பாதி. ஆனால் மேல்நோக்கிப் போனால் ராமானுஜனின் பட்டியல் முடியும் வரை இதற்குப் பின்னால் வரும் ஒவ்வொன்றிலும் 23 உண்டு. அந்தப் பட்டியலின் எல்லைக்குள் 23 இல்லாத கடைசி ஆள் இது.

பட்டியல் என்றேனே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உயர் பகு எண்கள் பற்றி ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. கேம்பிரிட்ஜில் அவருக்கு 1916-இல் ஆய்வின் வழியாக பி.ஏ. பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான். அதில் 102 உயர் பகு எண்களைக் காரணிகளோடு கையால் கணக்கிட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார், கடைசி எண் 6746328388800. கால்குலேட்டர் கிடையாது, கணினி கிடையாது, பதின்மூன்று இலக்கம் வரை போயிருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிருக்கிறது. அது 293318625600.

நான் இந்த எண்ணை எடுத்ததே இந்தக் கதையைக் கேட்டுத்தான், அதை முதலில் சொல்லியிருந்தால் ராமானுஜன் பெயருக்காகத்தான் நட்சத்திரம் போடுகிறான் என்பீர்கள், அதனால் கடைசிக்கு வைத்தேன். ஏன் விடுபட்டது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, ஊகம் மட்டும்தான்: இரண்டு பக்கமும் 23 உள்ள எண்களாக வரும் இடத்தில், 23-ஐ விட்டுவிட்டுப் பின்வாங்கி நிற்கும் ஒன்றைத் தேட யாருக்குத் தோன்றும்? மேலே சொன்ன அந்த 5 சதவீத மெல்லிய வித்தியாசத்தில்தான் இது பட்டியலுக்குள் நுழையவே முடிகிறது, கண்ணில் படாமல் நழுவுவதற்கென்றே ஒடுங்கி நிற்கும் எண்.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. அந்தப் பட்டியலின் கடைசி எண்ணை, 6746328388800-ஐ, 23-ஆல் வகுத்துப் பாருங்கள். நான் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரில் அது கொள்ளாமல், கையால் நீள வகுத்தல் போட்டேன். 67-இல் 23 இரண்டு முறை, மீதி 21, 214-இல் ஒன்பது முறை, மீதி 7, 76-இல் மூன்று முறை, மீதி 7, 73-இல் மூன்று முறை... 2, 9, 3, 3 என்று ஈவு இறங்கும்போதே தெரிந்துவிட்டது. விடுபட்ட அதே எண். 23-ஐ வெளியே விட்டதால் பட்டியலில் இடம் தவறிய எண், 23-ஐச் சேர்த்துக்கொண்டு அதே பட்டியலின் கடைசி வரியில், காரணிகள் இரட்டித்து 10080 ஆகி உட்கார்ந்திருக்கிறது. அவர் அதை எழுதாமல் விட்டார் என்றும் சொல்ல முடியாது, 23 மடங்காக எழுதித்தான் முடித்திருக்கிறார். இந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கட்டுரையே முழுதாக அச்சாகவில்லை என்பது தனிக் கதை. சங்கத்துக்கு அப்போது பண நெருக்கடி, அதனால் ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். விட்ட பகுதி 1997-இல்தான் வெளியே வந்தது, ழான் லூயி நிக்கோலா, கீ ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். இந்த ரோபின் நம் கதைக்கு இன்னொரு வழியிலும் சொந்தக்காரர். 1984-இல் அவர் நிறுவியது இது: ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டி, அந்த எண்ணால் வகுத்தால் வரும் விகிதம், மடக்கையின் மடக்கையை வைத்துக் கட்டிய ஓர் எல்லைக்குக் கீழேயே 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் நிற்கும் என்றால், பகா எண்கள் பற்றி இன்னும் யாரும் நிறுவாத ரீமான் கருதுகோள் உண்மை, ஒன்றே ஒன்று தாண்டினாலும் பொய். 5040 அந்த எல்லையைத் தாண்டுகிறது, அதற்கு மேல் தாண்டிய ஒன்றையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. நம் எண்ணுக்கும் போட்டுப் பார்த்தேன், காரணிகளின் கூடுதல் 1642243014720, விகிதம் 5.60, எல்லை 5.83. ஒழுங்காக உள்ளேதான் நிற்கிறது. தன் காரணிகளின் எண்ணிக்கையாக அந்த 5040-ஐயே சுமந்துகொண்டு, ரோபினின் சோதனையிலும் தேறி, அவர் பதிப்பித்த கையெழுத்துப் படிக்குச் சொந்தமான கட்டுரையில் விடுபட்டும் போயிருக்கிறது. எண்களுக்கு விதி என்று ஒன்று இருந்தால் இதற்குக் கொஞ்சம் சுற்றிவளைத்த விதி.

யாருக்குப் பயன்படும் என்று கேட்டால், போட்டி நிரலாக்கத்தில் இருப்பவர்களுக்கு நிச்சயம். 30,000 கோடிக்குள் ஓர் எண்ணுக்கு அதிகபட்சம் எத்தனை காரணிகள் என்ற கேள்விக்கு விடை இதுதான், 5040. ஒரு லட்சம் கோடி வரை போகிறீர்கள் என்றால் 963761198400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 6720. பகாக் காரணிப்படுத்தல் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் சொல்வேன், அந்த 323323 வரும் நொடிக்காகவாவது மாணவர்களைக் கையால் செய்ய விடுங்கள், கணினியில் தட்டி விடையை முதலிலேயே காட்டிவிடாதீர்கள். ரகசியக் குறியீட்டுக்காக எண் தேடுபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், அவர்களுக்கு உடையாத எண் வேண்டும், இது தொட்டாலே உடையும்.

மொத்தத்தில் 5-க்கு 4. ஒன்றைப் பிடித்தது 1000-க்காகவும் அந்த அரை நாளுக்காகவும். 23-க்காகக் குறைத்ததைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டேனே.

கடைசியாக ஒரு குறிப்பு, எடுத்து எழுதுபவர்களுக்கு. பன்னிரண்டு இலக்கத்தை நகலெடுக்கும்போது ஏதாவது ஒன்று மாறிப்போவது சகஜம், எனக்கே இரண்டு முறை மாறியது. மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 293, 318, 625, 600. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டுங்கள், 293-ம் 625-ம் 918, 318-ம் 600-ம் 918. இரண்டும் ஒன்றாக வந்தால் பெரும்பாலும் தைரியமாக இருக்கலாம், ஒரே ஓர் இலக்கம் பிசகியிருந்தால் ஒத்துப்போகாது. உள்ளே 1001 இருப்பதன் பலன் இது. இந்த மதிப்புரையில் இந்த எண்ணில் ஓர் இலக்கத்தை நான் எங்காவது தப்பாகத் தட்டியிருந்தாலும் அப்படியே கண்டுபிடித்துவிடுவீர்கள்.